அட்ரினல் சுரப்பி கைவிட்டால்: காலை எட்டு மணி ரத்தம் முதல் தொடை ஊசி வரை

அட்ரினல் சுரப்பி கெட்டுப்போகும் அடிசன் நோயை நம் ஊரில் முதலில் கவனிப்பது சொந்தக்காரர்கள்தான். “என்னடி, இப்படிக் கறுத்துப் போயிட்டே?” என்று கேட்பார்கள். வெயில் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். எடை குறைந்துகொண்டே வரும். காலையில் குமட்டும். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். சோற்றுக்கு ஊறுகாய் என்பது போய் ஊறுகாய்க்குச் சோறு என்று ஆகும். வயிற்று வலிக்கு எண்டோஸ்கோப்பி எடுத்து அல்சர் மாத்திரை தருவார்கள். சோர்வுக்கு பி12 ஊசி. இளைத்ததற்குச் சர்க்கரை, தைராய்டு பரிசோதனை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு டாக்டரிடம் நடப்பதால் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பதில்லை. அடிசன் நோய் இப்படி மாதக்கணக்கில் ஒளிந்திருந்துவிட்டு, சாதாரணக் காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ ஆளை ஐசியூவில் கொண்டுபோய்த் தள்ளும்.

மாநிறத் தோலில் இந்தக் கறுப்பைக் கண்டுபிடிக்க வெயில் படாத இடங்களைப் பார்க்க வேண்டும்: உள்ளங்கை ரேகை, ஈறு, உதட்டின் உட்புறம், பழைய தழும்பு. விரல் முட்டிகளும் கறுக்கும். நம்மில் பலருக்கு ஈறு இயல்பாகவே கருமையாக இருக்கும். ஆகவே நிறத்தைப் பார்க்காதீர்கள், நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆதார் அட்டைப் படம் இதற்கு உதவாது. இரண்டு வருடத்துக்கு முந்தைய கல்யாண ஆல்பம் உதவும்.

அட்ரினல் சுரப்பிகள் இரண்டும் சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 4, 5 கிராம்தான். அவற்றின் வெளிப்பகுதி சுரக்கும் கார்ட்டிசால், காய்ச்சல், காயம், பட்டினி போன்ற நெருக்கடியில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழாமல் பிடித்து வைக்கிறது. இன்னொரு ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் உப்பை உடலில் நிறுத்தி, பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளுகிறது. சுரப்பி சிதைந்தால் இரண்டும் நின்றுவிடும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சும்மா இருக்காது. சுரக்கச் சொல்லி ஏசிடிஎச் ஹார்மோனை அள்ளி அனுப்பும். அது தோலின் நிறமிச் செல்களையும் தூண்டிவிடுவதால்தான் உடம்பு கறுக்கிறது.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855-இல் இந்த நோயை விவரித்தபோது, காசநோய் அதற்கு முக்கியக் காரணம். மேலை நாடுகளில் இப்போது பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான் காரணம். இந்தியாவில் அதுவும் உண்டு, காசநோயும் உண்டு, ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையும் உண்டு. ஆகவே நோய் உறுதியானதும் வயிற்று சி.டி. ஸ்கேன் எடுக்காமல் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினால், ஏன் என்று கேளுங்கள். காசநோயிலும் பூஞ்சையிலும் இரண்டு சுரப்பிகளும் வீங்கியிருக்கும். பழைய காசநோயில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். எதிர்ப்புச் சக்தி தாக்கியிருந்தால் சுருங்கியிருக்கும். ஆண் பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் வேறு காரணம் தெரியவில்லை என்றால் அட்ரினோலியூகோடிஸ்ட்ரோஃபி என்ற பரம்பரை நோய்க்காக மிக நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலப் பரிசோதனை செய்தாக வேண்டும். அது நரம்பையும் பாதிக்கும் நோய்.

பரிசோதனைகள்

சந்தேகம் வந்ததும் செய்யவேண்டிய முதல் பரிசோதனை மலிவானது: சோடியம், பொட்டாசியம். சோடியம் இறங்கிப் பொட்டாசியம் ஏறியிருந்தால் அட்ரினல் ஞாபகத்துக்கு வர வேண்டும். இரண்டும் சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்தது காலை எட்டு மணிக்கு எடுக்கும் கார்ட்டிசால். இந்த ஹார்மோன் விடியற்காலையில் உச்சத்துக்கு ஏறி, நாள் முழுக்க இறங்கிக்கொண்டே போகும். பதினோரு மணிக்கோ மாலை நாலு மணிக்கோ எடுத்த கார்ட்டிசாலைக் காட்டிக் குறைவு என்று சொன்னால் நம்பாதீர்கள். நார்மல் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். மைக்ரோகிராம்/டெசிலிட்டர் கணக்கில் 3-க்குக் கீழே இருந்தால் நோய் கிட்டத்தட்ட உறுதி. 15-லிருந்து 18-க்கு மேலே போனால் கிட்டத்தட்ட இல்லை. சில லேப்கள் நானோமோல் கணக்கில் ரிப்போர்ட் தரும், அதை 27.6-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கூடவே எடுக்கும் ஏசிடிஎச் பரிசோதனைதான் அதிகம் பாழாவது. ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாயில் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, குளிரூட்டிய மையவிலக்கியில் சுற்றிப் பிரிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் தம்பியிடம் இதைக் கொடுக்காதீர்கள். இன்னும் நாலு வீடு ஏறி இறங்கி அவர் லேப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏசிடிஎச் சிதைந்துவிடும். உண்மையில் எகிறிக் கிடப்பது நார்மல் என்று வரும். சுரப்பியில் இருக்கும் கோளாறைப் பிட்யூட்டரி கோளாறு என்று முடிவு கட்டி, மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். லேப்பின் தலைமை மையத்துக்கே போய், ஐஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.

கார்ட்டிசால் நடுவாந்தரமாக வந்தால் தூண்டல் பரிசோதனை. சினாக்தென் என்ற செயற்கை ஏசிடிஎச் 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு, 30-ஆவது நிமிடமும் 60-ஆவது நிமிடமும் ரத்தம் எடுப்பார்கள். ஆரோக்கியமான சுரப்பி 18-ஐத் தாண்டும் என்பது பழைய வரம்பு. புதிய கருவிகளில் அந்த வரம்பு 14, 15 என்று இறங்கியிருக்கிறது. உங்கள் லேப் எந்த முறையில் அளக்கிறது என்று டாக்டருக்குத் தெரிந்தால்தான் 16 என்ற எண்ணுக்கு அர்த்தம் உண்டு. சினாக்தென் எல்லா நாளும் கையிருப்பில் இருக்காது. போன் செய்து கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கிடைக்காத இடங்களில் ஆக்டன் புரோலாங்கேட்டம் என்ற நீடித்துச் செயல்படும் ஏசிடிஎச் ஊசியை வைத்து இதே பரிசோதனையைச் செய்கிறார்கள்.

எண்ணைப் பொய்யாக்கும் மருந்துகள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை கார்ட்டிசாலை உயர்த்திக் காட்டும்; ஆறு வாரம் நிறுத்திய பிறகே கணக்கில் எடுக்கலாம். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் கருவி கார்ட்டிசால் என்று தப்பாக எண்ணிக்கொள்ளும். முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் சில கருவிகளைக் குழப்பும். இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். ஆஸ்துமா இன்ஹேலர், முகம் வெளுக்கப் பூசும் ஸ்டீராய்டு கிரீம், மூட்டில் போட்ட ஊசி எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கிரீமை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை, அதனால் அது விட்டுப்போகும்.

இவ்வளவும் ஆள் நடமாடும் நிலையில் இருக்கும்போதுதான். பிபி விழுந்து, வாந்தியோடு துவண்டு கிடப்பவருக்கு (இதைத்தான் அட்ரினல் கிரைசிஸ் என்பார்கள்) ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, கார்ட்டிசாலையே மருந்தாக்கிய ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியைப் போட்டுவிட வேண்டும். நோய் இல்லாதவருக்கு ஒரு முறை அதைப் போட்டதால் பெரிய நஷ்டம் இல்லை. இருப்பவருக்குப் போடாமல் விட்டால் உயிர் போகும்.

மாத்திரை, உப்பு, இளநீர்

நோய் உறுதியான அன்றே வீட்டில் ஒரு பட்டிமன்றம் தொடங்கும். “ஸ்டீராய்டா? அதெல்லாம் வேண்டாம்மா, எலும்பு உருகிடும்.” எலும்பு உருகுவதும் முகம் வீங்குவதும் தேவைக்கு மேல் போகும்போது நடப்பவை. இங்கே கொடுப்பது உடம்பு தினமும் தானே சுரந்திருக்க வேண்டிய அளவு. இன்சுலினை நிறுத்தச் சொல்லத் தயங்குகிற பெரியப்பாகூட ஸ்டீராய்டை நிறுத்தச் சொல்லத் தயங்குவதில்லை. இந்த நோயில் நேரும் பெரிய விபத்துகளில் பாதிக்கு இந்தப் பயம்தான் காரணம் என்பது எங்கள் எண்ணம். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரே ஒரு முறை விளக்கிவிடுங்கள். பிறகு விவாதம் வேண்டாம்.

பெரியவர்களுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் நாளுக்கு 15 முதல் 25 மி.கி. வரை, இரண்டு மூன்றாகப் பிரித்து. கண் விழித்ததும் 10, மதியம் 5, மாலை நாலரை ஐந்துக்குள் 2.5 அல்லது 5 என்பது வழக்கமான பிரிவு. முதல் வேளை மாத்திரையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கட்டும். படுக்கையிலேயே போட்டுக்கொண்டு அரைமணி கழித்து எழுந்தால் காலைக் குமட்டல் பெரும்பாலும் அடங்கிவிடும். கடைசி வேளையை ஆறு மணிக்கு மேல் தள்ளினால் தூக்கம் கெடும். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், எழுந்திருக்கும் நேரத்தைக் காலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைசோன் என்ற பெயரில் 5, 10, 20 மி.கி. மாத்திரைகள் வருகின்றன. தெருமுனை மெடிக்கலில் கேட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீமை எடுத்து நீட்டுவார்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் உள்ள கடைகளில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஒரு மாத மாத்திரை எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். தட்டுப்பாடு வந்தால் ஒரு வேளைகூட விடாமல், டாக்டரிடம் கேட்டுப் பிரெட்னிசலோனுக்கு மாறுங்கள். அதில் நாளுக்கு 3 முதல் 5 மி.கி. போதும். 20 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் சுமார் 5 மி.கி. பிரெட்னிசலோனுக்குச் சமம். இந்த ஒரு கணக்கை மனப்பாடம் செய்துவைத்தால் ஊர் ஊராக அலையும்போது உதவும்.

சுரப்பியே கெட்டுப்போனவர்களுக்கு ஆல்டோஸ்டிரோனின் வேலையைச் செய்யும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் கூடவே வேண்டும். காலையில் ஒரு வேளை, 50 முதல் 200 மைக்ரோகிராம். ஃப்ளோரிகாட் மாத்திரை ஒன்று 100 மைக்ரோகிராம். சில கம்பெனி மாத்திரைகளைக் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருக்கும், அட்டையைப் படித்துவிடுங்கள். அளவு போதுமா என்று வீட்டு பிபி மெஷினிலேயே ஓரளவு தெரியும்: ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு முறை, எழுந்து நின்று மூன்றாவது நிமிடம் ஒரு முறை. மேல் எண் 20-க்கு மேல் விழுந்தால் உப்போ ஃப்ளூட்ரோகார்ட்டிசோனோ போதவில்லை. கால் வீங்கி, பிபி ஏறி, பொட்டாசியம் இறங்கினால் அதிகம். ஹைட்ரோகார்ட்டிசோன் அளவைச் சரிபார்க்க அடிக்கடி கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனை எடுப்பது வீண் செலவு. மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் ஆனது என்பதைத்தான் அந்த எண் காட்டும். எடை, தூக்கம், காலைச் சோர்வு, பிபி, சோடியம், பொட்டாசியம் இவற்றை வைத்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டிக் குறைப்பார். ஃப்ளூட்ரோகார்ட்டிசோனுக்கு, சிறுநீரகம் சுரக்கும் ரெனின் என்ற நொதியின் ரத்தப் பரிசோதனை உதவும்.

உப்பைக் குறைக்கச் சொல்லும் பொது அறிவுரை இவர்களுக்கு இல்லை. சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது உப்பு இன்னும் வேண்டும். சிலருக்கு அந்த மாதங்களில் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனை 50 முதல் 100 மைக்ரோகிராம் வரை டாக்டர் கூட்டித் தருவதும் உண்டு. உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சி, ஊறுகாய் எல்லாம் தாராளம். இளநீர் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. மயங்கி உட்கார்ந்தவருக்கு இளநீர் சீவிக் கொடுப்பது நம் வழக்கம். அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் சொற்பம். ஏற்கெனவே பொட்டாசியம் ஏறி, சோடியம் இறங்கிக் கிடக்கும் அட்ரினல் நோயாளிக்கு அது நேர் எதிரான மருந்து. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்தான் சரி.

அதிமதுரமும் அப்படித்தான். தொண்டைக் கட்டுக்கு வாயில் அடக்கிக்கொள்வதும், சூரணத்திலும் இருமல் கஷாயத்திலும் சேர்ப்பதும் உண்டு. சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியை அது தடுக்கிறது. தினமும் சாப்பிட்டால் பிபி ஏறும், பொட்டாசியம் விழும், கால் வீங்கும். டாக்டர் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடுவார். சூரணம் தீர்ந்ததும் பிபி தரைக்கு வரும்.

காசநோய் காரணமாகச் சுரப்பி கெட்டவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. ரிஃபாம்பிசின் ஈரலைத் தூண்டி, போட்ட ஹைட்ரோகார்ட்டிசோனை வேகமாக எரித்துவிடும். வழக்கமான அளவு போதாமல் போகும். இரண்டு மடங்குவரைகூட உயர்த்த வேண்டிவரும். சுரப்பி அரைகுறையாக வேலை செய்துகொண்டிருப்பவருக்குக் காசநோய் மருந்து ஆரம்பித்த சில வாரங்களில் வாந்தியும் மயக்கமும் வந்தால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்துவதற்கு முன் கார்ட்டிசாலைப் பாருங்கள். வலிப்பு மாத்திரைகளான ஃபெனிட்டாயின், கார்பமசெபினும் இதே வேலையைச் செய்யும். காசநோய் குணமானாலும் சிதைந்த சுரப்பி பெரும்பாலும் திரும்ப வராது, ஸ்டீராய்டு தொடரும். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகு அளவைப் பழையபடி இறக்க மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

காய்ச்சல் அடித்தால்

ஆரோக்கியமான உடம்பு காய்ச்சலில் கார்ட்டிசாலைத் தானே பல மடங்கு கூட்டிக்கொள்ளும். இங்கே அதை நாம் கையால் கூட்ட வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஹைட்ரோகார்ட்டிசோனை இரண்டு மடங்கு, 102.2-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு. காய்ச்சல் விட்டபின் ஒன்றிரண்டு நாளில் பழைய அளவுக்குத் திரும்பலாம், படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. ஃப்ளூட்ரோகார்ட்டிசோனை மாற்ற வேண்டாம். இந்த அளவுகளை உங்கள் டாக்டரிடம் உங்கள் பெயர் போட்டு எழுதி வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். நடுராத்திரியில் யோசிக்க முடியாது.

இதில் நடக்கும் சறுக்கல், பாராசிட்டமால் போட்டதும் காய்ச்சல் இறங்கிவிட்டதே என்று மாத்திரையையும் இறக்குவது. தெர்மாமீட்டர் இறங்கியது மருந்தால். நோய் உள்ளே இருக்கிறது. டெங்கு, டைஃபாய்டு போன்றவற்றில் இன்னும் கவனம் வேண்டும். அளவைக் கூட்டிய பிறகும் சோர்வு ஏறினால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். பரீட்சை, ஆபீஸ் டென்ஷன், மாமியார் சண்டை இதற்கெல்லாம் கூட்ட வேண்டியதில்லை. சாவு வீட்டில் மாத்திரை சுத்தமாக மறந்துபோகும், அதற்கு யாராவது ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

வாந்திக்கு ஒரே விதி. மாத்திரை போட்ட அரைமணிக்குள் வாந்தி வந்தால் அதே அளவை மறுபடி போடுங்கள். அதுவும் வெளியே வந்தால் மாத்திரை ஆட்டம் முடிந்தது: ஊசி, பிறகு ஆஸ்பத்திரி. நிற்காத வயிற்றுப்போக்குக்கும் இதுவே. குடல் உறிஞ்சாத மாத்திரையை எண்ணிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

ஊசிப் பை இப்படி இருக்க வேண்டும்: ஹைட்ரோகார்ட்டிசோன் சோடியம் சக்சினேட் 100 மி.கி. தூள் குப்பி இரண்டு, ஊசிக்கான ஸ்டெரைல் வாட்டர், 2 மி.லி. அல்லது 3 மி.லி. சிரிஞ்சு, ஒரு அங்குல நீளமுள்ள 23 கேஜ் ஊசி, ஸ்பிரிட் பஞ்சு, டாக்டர் சீட்டு. குப்பியின் மேல் ‘சக்சினேட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டில் போடும் ‘அசிடேட்’ வகை மெதுவாக வேலை செய்யும், உயிர் காக்காது. சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் அவசரத்துக்கு இன்சுலின் சிரிஞ்சை எடுப்பார்கள். அது 1 மி.லி. மட்டுமே கொள்ளும், ஊசியும் தசை வரை போகாது. பையை வண்டி டிக்கியிலும் கார் டாஷ்போர்டிலும் வைக்காதீர்கள், அங்கே வெயில் கொதிக்கும். காலாவதித் தேதியை ஒவ்வொரு பொங்கலுக்கும் பார்த்துவிடுங்கள். பழைய குப்பியைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதை வைத்துக் கலக்கிப் பழகுங்கள்.

போடும் முறை: குப்பியின் பிளாஸ்டிக் மூடியைத் தட்டி, ரப்பரைத் துடையுங்கள். 2 மி.லி. தண்ணீரை உள்ளே செலுத்தி, குலுக்காமல் உருட்டுங்கள். தூள் கரைந்து தெளிவானதும் முழுவதையும் இழுத்து, காற்றை வெளியே தள்ளுங்கள். தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்கும் முட்டிக்கும் நடுவில், தோலை இழுத்துப் பிடித்து நேர்க்குத்தாக ஊசி முழுதும் உள்ளே போகக் குத்தி, மெதுவாக அழுத்துங்கள். ரத்தக் குழாயைத் தேட வேண்டியதில்லை, உயிருக்கு அவசரமானால் மெல்லிய துணிக்கு மேலேயே போடலாம். கலக்கியதை வைத்திருந்து பிறகு போடக் கூடாது. ஒரு வயதுக்குள் 25, ஐந்து வயதுவரை 50, அதற்கு மேல் 100 மி.கி. என்பது பொதுக் கணக்கு. குழந்தைக்கான அளவை அதன் டாக்டர் கைப்பட எழுதியிருக்க வேண்டும். ஊசி போட்டதும் முகம் தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், உடம்பிலிருந்து போன உப்பும் தண்ணீரும் இன்னும் திரும்பவில்லை. 108-க்குப் போன் போடுங்கள்.

கேஷுவால்டியில் பேசுவது தனிக் கலை. டியூட்டி டாக்டர் இந்த நோயைப் பாடப் புத்தகத்தோடு விட்டிருக்கலாம். சுற்றி வளைக்காமல் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

“சார், இவங்களுக்கு அடிசன் நோய். இப்ப அட்ரினல் கிரைசிஸ். ஹைட்ரோகார்ட்டிசோன் நூறு மில்லிகிராம் உடனே போடணும், நார்மல் சலைன் ஓடவிடணும். லெட்டர் இதோ இருக்கு.”

“பிளட் ரிசல்ட் வரட்டும்மா, பார்க்கலாம்.”

“ரத்தம் எடுத்துக்கோங்க சார். ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்னுதான் எங்க டாக்டர் எழுதியிருக்காங்க. நம்பர் இருக்கு, ஒரு நிமிஷம் பேசுறீங்களா?”

கோபம் வேண்டாம், குரலும் உயர வேண்டாம். கடிதம் ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், நாலு வரிக்குள் இருந்தால் வேலை நடக்கும்: நோயின் பெயர், 100 மி.கி. உடனே, முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நார்மல் சலைன், அடுத்த 24 மணி நேரத்தில் 200 மி.கி. தொடர் டிரிப்பாகவோ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 50-ஆகவோ. சர்க்கரை அளவும் பார்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளுக்கு அது வேகமாக விழும். ஹைட்ரோகார்ட்டிசோன் அந்த இடத்தில் இல்லவே இல்லை என்றால் டெக்சாமெத்தசோன் 4 மி.கி. இருக்கும், வேறு வழியில்லாதபோது அது ஆளைத் தாங்கும், உப்பைத் தாங்காது.

ஆபரேஷனுக்கும் இதே கடிதம் உதவும்: மயக்க மருந்தின்போது 100, தொடர்ந்து நாளுக்கு 200. பிரசவத்தில் வலி தொடங்கியதும் 100. பல் பிடுங்குவதற்கு முன் கூடுதல் ஒரு வேளை மாத்திரை. கொலனோஸ்கோப்பிக்கு வயிற்றைக் கழுவும் மருந்து குடிக்கும் முந்தின இரவுதான் ஆபத்து, எல்லோரும் மறுநாளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

சர்க்கரையும் சேர்ந்தால்

டைப் 1 சர்க்கரை, தைராய்டு, அடிசன் மூன்றும் ஒரே எதிர்ப்புச் சக்திக் கோளாறின் கிளைகளாக ஒருவருக்கே வருவதுண்டு. டைப் 1 உள்ளவருக்கு இன்சுலின் தேவை காரணமில்லாமல் குறைந்து, லோ சுகர் அடிக்கடி வந்தால் ‘நல்லா கன்ட்ரோல் ஆகுது’ என்று சந்தோஷப்பட வேண்டாம். காலை கார்ட்டிசாலைப் பாருங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் தொடங்கியதும் இன்சுலின் தேவை திரும்ப ஏறும். காலை வேளை மாத்திரை மதியச் சர்க்கரையை ஏற்றும், மாலை மாத்திரை தீர்ந்தபின் விடியற்காலையில் சர்க்கரை விழும். ஒரே அளவு நீண்டநேர இன்சுலின் இரண்டையும் சமாளிக்காது. காய்ச்சலுக்கு ஸ்டீராய்டைக் கூட்டும் நாட்களில் சர்க்கரை எகிறினால் இன்சுலினைத்தான் கூட்ட வேண்டும், ஸ்டீராய்டைக் குறைக்கக் கூடாது. தைராய்டு குறைவும் சேர்ந்து தெரியவந்தால் முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகே தைராக்சின். வரிசை மாறினால் உள்ள கொஞ்சநஞ்சக் கார்ட்டிசாலும் வேகமாகச் செலவழிந்து கிரைசிஸ் வரும்.

ரம்ஜான் நோன்பும் சஷ்டி விரதமும் இவர்களுக்கு ஆபத்தான நாட்கள். தண்ணீர் இல்லாமல் பகல் முழுக்க இருப்பது மாத்திரை நேரங்களையும் உப்பையும் ஒருசேரக் குலைக்கும்.

நிறுத்திய ஸ்டீராய்டு

அடிசன் அபூர்வம். நம் ஊரில் அதைவிட அதிகம் நடப்பது, சுரப்பி நன்றாக இருந்தும் வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டால் அது தூங்கிப்போவது. உடம்பு தேறவும் பசி எடுக்கவும் என்று பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கும் மாத்திரைகளில் பல நேரம் பீட்டாமெத்தசோனோ டெக்சாமெத்தசோனோ இருக்கும், கூடவே பசியைக் கிளப்பும் சைப்ரோஹெப்டாடின். பெயரில்லாத மூட்டுவலிப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். பீட்டாமெத்தசோன் அரை மி.கி. மாத்திரை பார்க்கக் கடுகு. ஆனால் சுமார் 4 மி.கி. பிரெட்னிசலோனுக்குச் சமம். இப்படி மூன்று நான்கு வாரத்துக்கு மேல் போனால் பிட்யூட்டரி ஏசிடிஎச் அனுப்புவதை விட்டுவிடும். யாரோ பயமுறுத்தி ஒரே நாளில் நிறுத்தினால் மூட்டு வலி, குமட்டல், எழ முடியாத சோர்வு. மாத்திரை போட்டால் சரியாகும், அதனால் பொட்டலம் நல்ல மருந்து என்ற நம்பிக்கை இன்னும் இறுகும். இதில் தோல் கறுக்காது, பொட்டாசியம் ஏறாது, ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் தேவையில்லை. முகம் உருண்டு, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள், புதிதாகச் சர்க்கரை என்று வருபவரிடம் “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார், “பொட்டலம் வாங்குறீங்களா?” என்று கேளுங்கள்.

இறக்கும் வழி: டாக்டர் சமமான பிரெட்னிசலோனுக்கு மாற்றி, நாளுக்கு 5 மி.கி. வரை ஓரளவு வேகமாகவும், அதன்பின் மாதத்துக்கு 1 மி.கி. என்ற மாதிரி நிதானமாகவும் குறைப்பார். 5 மி.கி.க்குக் கீழே வந்ததும் வரும் உடல்வலி பலரைத் திரும்பப் பழைய கடைக்கு அனுப்பிவிடுகிறது. அந்தக் கட்டத்தில்தான் தாக்குப்பிடிக்க வேண்டும். முந்தின நாள் மாத்திரைக்குப் பிறகு குறைந்தது 24 மணி நேரம் விட்டு, அன்றைய மாத்திரைக்கு முன் காலை எட்டு மணி கார்ட்டிசால் எடுக்க வேண்டும். 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது, நிறுத்தலாம். 5-க்கும் 10-க்கும் நடுவில் என்றால் அதே சிறு அளவைத் தொடர்ந்து சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 5-க்குக் கீழே என்றால் சில மாதம் பொறுத்திருக்க வேண்டும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். முழுதும் நிறுத்திய பிறகும் ஏறக்குறைய ஒரு வருடத்துக்குக் கடும் காய்ச்சலோ விபத்தோ ஆபரேஷனோ வந்தால், இன்ன மாத்திரை இவ்வளவு நாள் சாப்பிட்டேன் என்று டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.